பட்டையைக் கழற்றிய பிறகு: ரத்த அழுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செவிலியர். புறநோயாளிகள் பிரிவில் பி.பி. பார்க்கும் மேசைதான் பல வருடங்களாக என் இடம். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதையெல்லாம் என்னிடம் கேட்டுவிடுவார்கள். அளக்கும்போது பேசக்கூடாது என்பதால் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிய பிறகே பதில் சொல்வேன். வரிசை நீளமாக இருந்தால் அந்தப் பதிலும் பாதியில் நின்றுவிடும். நிதானமாகச் சொல்ல முடியாமல் போனவற்றை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். எனக்கு எப்படி பிரஷர் இருக்கும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலானவர்களுக்கு எதையும் காட்டிக்கொடுக்காது. தலைவலி, தலைசுற்றல், கழுத்துப் பிடிப்பு இருந்தால்தான் பிரஷர் என்று நினைக்கிறோம். 170 இருப்பவர் சிரித்துக்கொண்டு வந்து உட்காருவார். தலை வெடிக்கிறது என்று வருபவருக்கு 118 இருக்கும். இரண்டையும் நான் ஒரே காலையில் பார்த்திருக்கிறேன்.

உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, 30 முதல் 79 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் கட்டுக்குள் இருந்தது. உடம்பு சொல்லும் என்று காத்திருந்தவர்கள்தான் அந்தப் பாதிப் பேர். அளந்து பார்ப்பதைத் தவிர இதைக் கண்டுபிடிக்க வேறு வழியே இல்லை.

ரத்தக் கொதிப்பு கோபக்காரர்களுக்குத்தானே வரும்? எனக்குக் கோபமே வராதே?

நம் மொழியில் இந்த நோய்க்கு அமைந்த பெயர் நமக்கு நல்லது செய்யவில்லை. 'கொதிப்பு' என்றதும் ரத்தம் சூடாகிப் பொங்குவதாக ஒரு படம் மனதில் விழுந்துவிடுகிறது. அதனால் சாந்தமானவர்கள் தங்களுக்கு வராது என்றிருக்கிறார்கள். வந்தவர்கள் "டென்ஷன் குறைந்தால் சரியாகிவிடும்" என்று மாத்திரையை ஒதுக்குகிறார்கள். ரத்தம் கொதிப்பதில்லை. குழாய்ச் சுவரின் மீது ரத்தம் கொடுக்கும் அழுத்தம் நாள் முழுக்க, தூக்கத்தில்கூட, இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருக்கிறது. கோபம் வரும்போது அழுத்தம் ஏறும், ஆறியதும் இறங்கும். ஏறிய இடத்திலேயே தங்கிவிடுவதுதான் நோய்.

140/90 என்கிறீர்களே, அந்த இரண்டு எண்ணும் எதைக் குறிக்கின்றன?

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனிக்குள் இருக்கும் அழுத்தம் மேல் எண். இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் விரிந்து நிரம்பும்போது இருப்பது கீழ் எண். அளவு, பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயரம் ஏறும் என்பது. 120 என்றால் 12 சென்டிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் விசை. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே அதே விசை தண்ணீரை ஒன்றரை மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்தும். 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் அதில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்ததை வெளியிட்டார். இன்றுபோல் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் முறைக்கு வழி வகுத்தவர் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, 1896இல். ஸ்டெதாஸ்கோப் வைத்து ஓசை கேட்டு இரண்டு எண்ணையும் பிரித்தறியும் வழியை ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப் 1905இல் சொன்னார். அதையேதான் நாங்கள் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம்.

எந்த எண் முக்கியம் என்றும் கேட்பார்கள். இரண்டுமே. ஐம்பது வயதுக்குப் பிறகு மேல் எண்ணுக்குக் கூடுதல் கவனம் தேவை. வயது ஏற ஏறத் தமனிகள் விறைத்துப்போவதால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கக்கூடத் தொடங்கும். 160/75 என்று வந்தால் "கீழே நார்மல்தானே" என்று ஆறுதல் கொள்ளக் கூடாது.

எத்தனைக்கு மேல் போனால் நோய்?

மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம் என்பது உலகின் பெரும்பாலான இடங்களில் கடைப்பிடிக்கும் கணக்கு. வீட்டில் அளந்தால் அந்தக் கோடு 135/85. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017இல் கோட்டை 130/80க்கு இறக்கிவிட்டன. ஒரே ஆளுக்கு ஓரிடத்தில் நோய், இன்னோரிடத்தில் இல்லை என்றால் குழப்பமாகத்தான் இருக்கும்.

கோடு மனிதர்கள் போட்டது. உடம்புக்குள் அப்படி ஒரு கோடு இல்லை. பத்து லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டி 2002இல் வந்த ஆய்வில், 40 முதல் 69 வயதுக்காரர்களுக்கு 115/75 என்ற அளவிலிருந்தே ஆபத்து ஏறத் தொடங்குவது தெரிந்தது. மேல் எண் 20 ஏறினாலோ கீழ் எண் 10 ஏறினாலோ, பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. "எனக்கு 138தான், 140 இல்லையே" என்பவரிடம் நான் இதைத்தான் சொல்வேன். மாத்திரை வேண்டியிருக்காது. ஆனால் உப்பையும் நடையையும் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரே ஒரு தடவை அதிகமாகக் காட்டியது. மருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மறுபடி அளக்க வேண்டும். 180/110க்கு மேல் போயிருந்தாலோ, ஏற்கெனவே இதயம், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டிருந்தாலோ டாக்டர் காத்திருக்க மாட்டார்.

வீட்டில் மெஷின் வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டுகிறது. எதை நம்புவது?

மெஷினைக் குறை சொல்வதற்கு முன் அளக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். என் மேசையில் ஒரு நாள் நடந்தது இது. படியேறி மூச்சு வாங்க வந்த ஒருவர், கைப்பையை மடியில் வைத்து, கால் மேல் கால் போட்டு, போனில் பேசியபடியே கையை நீட்டினார். 158/96. பிறகு அவரைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னேன். சாய்ந்து உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் படவைத்து, கையை மேசை மேல் நீட்டி, போனை அணைத்து ஐந்து நிமிடம் விட்டேன். 136/84. அதே கை, அதே பட்டை, கால் மணி நேர இடைவெளி.

கை தொங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே எவ்வளவு வித்தியாசம் வரும் என்று பாருங்கள். பட்டை இதயத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தால் அளவு 7 அல்லது 8 கூடிவிடும், உயரமாக இருந்தால் அதே அளவு குறையும். அது வெறும் நீர்மட்டக் கணக்கு. நிறைந்த சிறுநீர்ப்பையும் பேச்சும் தம் பங்குக்கு ஏற்றும். சட்டைக் கை மேல் பட்டை சுற்றினாலும், சட்டையை மேலே சுருட்டி அது கையை இறுக்கினாலும் அளவு தப்பும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பட்டையில் எந்தச் சுற்றளவுக்கு உரியது என்று அச்சிட்டிருக்கும். ஒரு டேப்பால் மேல்கையின் நடுப்பகுதியை அளந்து பார்த்து வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷினைவிட மேல்கையில் கட்டுவதே நம்பத் தகுந்தது.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, தேநீர், புகை, உடற்பயிற்சி வேண்டாம். காலையில் மாத்திரை போடுவதற்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பாருங்கள். முதல் முறை இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடர வேண்டும். இரண்டு கைக்கும் எப்போதும் 10க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிடித்த எண் வரும்வரை அளந்து, அதை மட்டும் எழுதாதீர்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள். அந்த நோட்டை நம்பித்தான் உங்களுக்கு மருந்து எழுதப்படுகிறது.

டாக்டரைப் பார்த்தாலே எனக்கு ஏறிவிடுகிறது. வீட்டில் சரியாக இருக்கிறது. இது பிரஷர்தானா?

டாக்டரின் வெள்ளை அங்கியைக் கண்டு ஏறும் அழுத்தம் என்றே இதற்குப் பெயர் உண்டு. மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் இவர்களில் பலருக்குப் பின்னாளில் நிஜமான உயர் அழுத்தம் வருகிறது, அதனால் அளப்பதை விட்டுவிடக் கூடாது. இதற்கு நேர்மாறானதும் உண்டு. மருத்துவமனையில் 128 காட்டும், வீட்டிலும் வேலை இடத்திலும் 150 இருக்கும். எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது வகைதான், ஏனென்றால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. சந்தேகம் இருந்தால் 24 மணி நேரமும் உடம்பிலேயே கட்டி, தானாக அளந்து பதியும் கருவி இருக்கிறது. தூக்கத்தில் அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். அப்படி இறங்காமல் இருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும்.

அதிகமாக இருந்தால் என்னதான் ஆகும்?

தமனியின் உட்சுவர் மென்மையானது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை இதயம் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் விசை மோதினால் சுவர் தடிக்கும், விறைக்கும், கொழுப்பு படியும். மூளையில் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம். கூடுதல் எதிர்ப்பைத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடித்து ஓய்ந்துபோகும். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் பழுதாகும். கண்ணின் விழித்திரையில் ரத்தம் கசியும். ஞாபக சக்தியும் காலப்போக்கில் அடிபடும்.

மருந்தே இல்லாத காலத்தில் இது எப்படிப் போகும் என்பதற்கு அமெரிக்க அதிபர் பிராங்ளின் ரூஸ்வெல்ட் சாட்சி. 1944 மார்ச்சில் அவருக்கு 186/108 இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொன்னவர், மூளையில் ரத்தம் கசிந்து அன்றே இறந்துபோனார். வயது 63. சுலபமாகச் சாப்பிடக்கூடிய நல்ல மாத்திரை, சிறுநீரைப் பெருக்கும் வகையில், 1958இல்தான் வந்தது. ஒரு நாட்டின் அதிபருக்குக் கிடைக்காத மருந்து இன்று சாதாரண மருந்துக் கடையில் இருக்கிறது. அதை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

எனக்கு ஏன் வந்தது?

பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. பரம்பரை, வயது, உப்பு, எடை, அசையாத வாழ்க்கை, மது எல்லாம் சேர்ந்து வருவது. மற்றவர்களுக்குத் தேடினால் கிடைக்கும் ஒரு காரணம் இருக்கும்: சிறுநீரக நோய், சிறுநீரகத்துக்குப் போகும் தமனியில் அடைப்பு, அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரப்பது, தைராய்டு கோளாறு. இரவில் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் ஏறும். முப்பது வயதுக்குள் வந்தாலோ, திடீரென்று மிக அதிகமாக வந்தாலோ, மூன்று மருந்துக்கும் அடங்காவிட்டாலோ இவற்றைத் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

சாப்பிடும் மருந்துகளையும் சொல்லுங்கள். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், மூக்கடைப்பு மாத்திரைகள், ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை எல்லாம் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அதிமதுரமும் அப்படியே. இயற்கை மருந்து என்பதால் யாரும் அதைச் சொல்வதில்லை.

உப்பை எவ்வளவு குறைக்க வேண்டும்?

ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இது நீங்கள் கையால் போடும் உப்பு மட்டும் இல்லை, ஏற்கெனவே கலந்து வருவதும் சேர்த்து. பாக்கெட்டில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, ஒரு நாள் கணக்கில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. ரொட்டி, பிஸ்கட் போன்ற உப்பே தெரியாத பண்டங்களிலும் இருக்கும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலும் கணிசமான சோடியம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ரத்தக் குழாய்க்குள் ரத்தத்தின் அளவு கூடுகிறது. அதிகப்படி உப்பை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். சிலருடைய சிறுநீரகம் அதற்குக் கூடுதல் அழுத்தத்தைக் கேட்கிறது. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் உப்பின் பாதிப்பு அதிகம்.

முதல் இரண்டு வாரம் சப்பென்று இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் நாக்கு பழகிவிடும், பழைய அளவு கரிக்கத் தொடங்கும். கல் உப்பு, பாறை உப்பு, இளஞ்சிவப்பு உப்பு எதை மாற்றினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

சோடியம் குறைந்த உப்பு விற்கிறார்களே, அது நல்லதா?

பலருக்கு நல்லது. அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்து சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரக நோய் இருப்பவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

மாத்திரை இல்லாமல் குறைக்க முடியுமா?

ஆரம்ப நிலையில் பலருக்கு முடியும். அதிகமாக இருந்தால் மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டும். பழம், காய்கறி, பருப்பு வகை, முழு தானியம், கொழுப்பு குறைந்த பால் பொருட்களைக் கூட்டி, கொழுப்பையும் இனிப்பையும் குறைத்த ஒரு உணவு முறையைச் சோதித்துப் பார்த்த முடிவு 1997இல் வெளிவந்தது. உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு எட்டு வாரத்தில் மேல் எண் சராசரியாக 11 குறைந்தது. ஒரு மாத்திரையின் பலன் அது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு எண் இறங்கும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, அதாவது பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகம். மதுவை எவ்வளவு குறைத்தாலும் பலன் உண்டு. புகை பிடித்துக்கொண்டே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுவதால் பாதிப் பலன்தான். ஒரே குழாயை இரண்டு பேர் சேர்ந்து கெடுக்கிறார்கள், ஒருவரை மட்டும் நிறுத்தியிருக்கிறீர்கள்.

ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமாமே? இப்போது நார்மல் ஆகிவிட்டது, நிறுத்தலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பாவுக்கு 58 வயதில் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு மாத்திரை. நான்கு மாதத்தில் 126/80 வந்தது. "சரியாயிடுச்சும்மா" என்றார். நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன், போனில் கேட்கும்போதெல்லாம் "சாப்பிடறேன், சாப்பிடறேன்" என்பார். ஏழு மாதம் கழித்து ஒரு காலை, சட்டைப் பொத்தான் போட முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்திருக்கிறார். வலது கை விரல் பொத்தானைப் பிடிக்கவில்லை. கூப்பிட்ட அம்மாவுக்குப் பதில் சொன்ன வார்த்தை குழறியது. மருத்துவமனையில் பார்த்தபோது 196/110. பிறகு அவருடைய இழுப்பறையைத் திறந்தேன். அட்டையில் ஆறு மாத்திரை அப்படியே இருந்தது, தேதி ஏழு மாதத்துக்கு முந்தையது. கை ஓரளவு திரும்பியது. கையெழுத்து திரும்பவில்லை.

அந்த 126/80 மாத்திரை தந்த எண். நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ பழைய இடத்துக்கே போய்விடும். போவதும் தெரியாது, ஏனென்றால் இது உணர முடியாத நோய் என்று முதலிலேயே சொன்னேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்பது நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது.

எடையை நன்றாகக் குறைத்து, உப்பைக் குறைத்து, மது விட்டவர்களில் சிலருக்கு மாத்திரை குறையும், சிலருக்கு நிற்கவும் செய்யும். அதை டாக்டர் ஒவ்வொரு படியாக இறக்கி, வாரா வாரம் அளந்து பார்த்துச் செய்வார். அட்டெனலால், மெட்டோபுரோலால், குளோனிடின் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தமும் துடிப்பும் எகிறும், நெஞ்சு வலிகூட வரலாம்.

நிறைய நாள் சாப்பிட்டால் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

கட்டுப்படாத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கிறது. உலகம் முழுவதும் சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும்தான் பெரிய காரணங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை சிறுநீரில் புரதம் போவதைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கவே கொடுக்கப்படுகின்றன. இவற்றைத் தொடங்கியதும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கொஞ்சம் ஏறலாம். அதனால்தான் ஓரிரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள். வாந்தி, பேதி வந்து உடம்பில் நீர் வற்றிப்போன நாட்களில் இவற்றையும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையையும் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கலாம். அன்றே டாக்டரைக் கேளுங்கள்.

மாத்திரை சாப்பிட்டால் கால் வீங்குகிறது. இருமல் வருகிறது. என்ன செய்வது?

இரண்டும் தெரிந்த பக்க விளைவுகள். இரண்டுக்கும் மாற்று உண்டு. அம்லோடிபின் குழாயைத் தளர்த்துகிறது, சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில், ராமிப்ரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வந்து போகாமல் நிற்கும். அவர்களுக்கு லோசார்டன், டெல்மிசார்டன் வகைக்கு மாற்றுவார்கள். உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். (இந்த எனலாப்ரில் குடும்பம் பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராயப்போய்க் கிடைத்தது. அதில் முதல் மாத்திரை கேப்டோப்ரில், 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.) ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறக்கிவிடலாம், களைப்பும் தசைப் பிடிப்பும் வந்தால் சொல்லுங்கள்.

பக்க விளைவுக்குப் பயந்து நீங்களாக நிறுத்துவதைவிட, "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வந்து சொல்வது நல்லது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு மாத்திரை எழுதினார்கள் என்றால் நோய் முற்றிவிட்டது என்றும் அர்த்தமில்லை. ஒன்றின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகையில் இன்னொன்றைச் சிறிய அளவில் சேர்ப்பது அழுத்தத்தை நன்றாக இறக்கும், தொந்தரவும் குறைவு.

காலையில் மறந்துவிட்டேன். மறுநாள் இரண்டாகப் போடலாமா?

வேண்டாம். அன்றே ஞாபகம் வந்தால் போடுங்கள், மறுநாள் ஆகிவிட்டால் வழக்கமான ஒன்று மட்டும். பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் அட்டையை வைத்தால் மறதி குறைகிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மெஷின் 190 காட்டுகிறது. உடனே ஓட வேண்டுமா?

முதலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். 180/120க்கு மேல் இருந்து, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் பலமிழப்பது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். பக்கவாத அறிகுறி இருந்தால் எண் எதுவானாலும் போக வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

எந்தத் தொந்தரவும் இல்லை, எண் மட்டும் அதிகம் என்றால் பதற வேண்டாம். மாத்திரையை விட்டீர்களா, வலி மாத்திரை சாப்பிட்டீர்களா என்று யோசியுங்கள். அன்றே டாக்டரிடம் பேசுங்கள். கூடுதல் மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள், நிஃபெடிபினை நாக்குக்கு அடியில் வைக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். பல நாளாக உயர்ந்திருந்த அழுத்தத்தைச் சரேலென்று இறக்கினால் மூளைக்கு ரத்தம் போதாமல் பக்கவாதமே வந்துவிடும்.

எவ்வளவுக்குக் கொண்டுவர வேண்டும்?

140/90க்குக் கீழே முதல் படி. தாங்க முடிந்தால் மேல் எண் 130க்குக் கீழே. 9,361 பேரை வைத்து நடந்து 2015இல் முடிவு வெளிவந்த ஆய்வில், நீரிழிவு இல்லாத, இதய ஆபத்து கூடுதலாக உள்ள 50 வயதைக் கடந்தவர்களுக்கு 120க்குக் கீழே இறக்கியபோது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 25 சதவீதம் குறைந்தன. மயக்கம் போன்ற தொந்தரவுகள் கூடின. எனவே இலக்கு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் இலக்கு என்ன என்று டாக்டரிடம் கேட்டு எண்ணாகவே எழுதி வாங்குங்கள்.

அம்மாவுக்கு 82 வயது. இந்த வயதில் மாத்திரை தேவையா?

80 வயதைக் கடந்தவர்களிடம் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வில், மருந்து கொடுத்தவர்களிடம் இறப்பு குறைந்ததால் அதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஆகவே வயதைக் காரணம் காட்டி விடக்கூடாது. ஆனால் அவர்களை நிற்க வைத்தும் அளக்க வேண்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 விழுந்தால் கீழே விழும் ஆபத்து இருக்கிறது, மருந்தைத் திருத்த வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன்.

உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகைகள் குழந்தைக்கு ஆபத்தானவை. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மாற்றிக்கொள்வது சிறந்தது. மீதைல்டோபா, லபெட்டலால், நிஃபெடிபின் ஆகியவை கர்ப்ப காலத்தில் தரப்படுபவை. இருபது வாரத்துக்குப் பிறகு 140/90 தொட்டாலோ, கடும் தலைவலி, கண்ணில் மின்னல், வலது மேல்வயிற்றில் வலி, முகம் திடீரென்று வீங்குவது இருந்தாலோ அன்றே போக வேண்டும், மறுநாள் பரிசோதனைக்குத் தேதி இருந்தாலும். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் கவனம் தேவை. கர்ப்ப காலத்தில் ஒரு முறை அழுத்தம் ஏறியவர்கள் பின்னாளில் வருடம் ஒரு முறையாவது அளந்துகொள்ள வேண்டும்.

அடுத்த முறை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஏழு நாள் எழுதிய நோட்டு, தேதி நேரத்தோடு. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையும், மூலிகை, வலி மாத்திரை உட்பட. வருடத்துக்கு ஒரு முறை கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம் பார்த்த ரிப்போர்ட். வீட்டு மெஷினையும் கொண்டுவந்தால் எங்கள் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த நாளில் மாத்திரை விட்டுப்போனதோ அந்த நாளுக்கு எதிரே ஒரு குறி போட்டுவையுங்கள். அதை மறைக்க வேண்டாம், நான் முதலில் பார்ப்பது அந்தக் குறியைத்தான்.